அம்மாவுக்கு மூலம், எனக்கு வெடிப்பு, பெரியப்பாவுக்கு வேறு

எங்கள் குடும்பத்தில் அடுத்தடுத்து மூன்று பேருக்கு மூலம் என்று பேசப்பட்டது. முதலில் அம்மாவுக்கு, பிறகு எனக்கு, அதற்கடுத்த ஆண்டு பெரியப்பாவுக்கு. மருத்துவர்கள் சோதித்துச் சொன்ன பிறகுதான், மூவரில் அம்மா ஒருவருக்கு மட்டுமே அது மூலம் என்பது தெரிந்தது. வலியில் துடித்த எனக்கு இருந்தது வேறு. வலியே இல்லாமல் இளைத்துக்கொண்டிருந்த பெரியப்பாவுக்கு இருந்தது முற்றிலும் வேறு. ஆனால் வீட்டில் மூவருக்கும் ஒரே பெயர், ஒரே துத்தியிலை, ஒரே கருணைக்கிழங்கு மசியல்தான். இந்தப் பதிவை எழுத எனக்கு ஒரு தனிக் காரணம் உண்டு. அதைப் பெரியப்பாவைப் பற்றிச் சொல்லும் இடத்தில் சொல்கிறேன்.

அம்மாவுக்கு அப்போது 63 வயது. மாடிப்படி ஏறினால் பாதியில் நின்று மூச்சு வாங்கினார். வயதாகிவிட்டது என்று அவரும் சொன்னார், நாங்களும் ஒப்புக்கொண்டோம். எனக்கு உறுத்தியது வேறொன்று. அரிசி களையும்போதெல்லாம் ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மென்றுகொண்டே இருந்தார். சிறு வயதில் நாங்கள் அப்படித் தின்றால் சோகை பிடிக்கும் என்று திட்டியவரே அவர்தான். உண்மையில் அது மறுதலை: உடலில் இரும்புச் சத்து குறைந்தவர்களுக்கே பச்சரிசி, மண், சாம்பல், ஐஸ் கட்டி போன்றவற்றின் மேல் இப்படி ஓர் ஆசை வரும். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 6.8 என்று வந்தது. பெண்களுக்குப் பன்னிரண்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மாதவிலக்கு நின்று பல ஆண்டுகளான ஒருவருக்கு இவ்வளவு ரத்தம் எந்த வழியாகப் போகிறது என்று மருத்துவர் கேட்டார். அம்மா என் முகத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், ஒன்றும் தெரியாது என்றார்.

அன்றிரவு பாத்திரம் துலக்கும்போது தானாகச் சொன்னார். "வெளிக்குப் போறப்ப கொஞ்சம் சிந்தும். உடம்புச் சூடுதான். உங்கப்பா இருந்தப்பவே உண்டு." அப்பா இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆறு ஆண்டுகளாக ஒவ்வொரு நாள் காலையிலும் வெள்ளைப் பீங்கானில் சிவப்பாகத் தெறித்ததைப் பார்த்துவிட்டு, கூடுதலாக இரண்டு குவளை தண்ணீர் ஊற்றிவிட்டு வெளியே வந்திருக்கிறார். வலி இல்லாததால் அதை நோய் என்றே அவர் எண்ணவில்லை. நோய் என்றால் வலிக்க வேண்டும் என்பது நம் எல்லோருடைய எண்ணமும்தானே.

வலிக்காததற்கு உடற்கூற்றில் தெளிவான காரணம் இருக்கிறது. ஆசனவாய்க்கு உள்ளே, ரத்தக் குழாய்களும் மெல்லிய தசையும் சேர்ந்த மூன்று மெத்தைகள் பிறவியிலிருந்தே எல்லோருக்கும் உண்டு. இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் முன்னும் பின்னுமாக இரண்டு. மலமும் காற்றும் நம்மை அறியாமல் கசியாதபடி வாயை இறுக மூடி வைக்க இவை துணை செய்கின்றன. ஆண்டுக்கணக்கில் முக்கிப் போவதாலும், மலச்சிக்கலாலும், வயது கூடுவதாலும், கருவுற்ற காலத்து அழுத்தத்தாலும் இந்த மெத்தைகள் வீங்கி, பிடிமானம் தளர்ந்து கீழே சரிவதைத்தான் மூலம் என்கிறோம். ஆசனவாயின் விளிம்பிலிருந்து சுமார் இரண்டு சென்டிமீட்டர் உள்ளே ஓர் எல்லைக்கோடு ஓடுகிறது. அதற்கு மேலே இருப்பது குடலின் உள்தோல். கிள்ளினாலும் குத்தினாலும் அங்கே வலி தெரியாது. கீழே இருப்பது கை, கால்களில் உள்ளதைப் போன்ற தோல். சிறு கீறலும் உயிர் போகிற வலியைக் கொடுக்கும். உள்மூலம் கோட்டுக்கு மேலே உண்டாவது. ஆகவே அது ரத்தம் சிந்தும், ஆனால் வலிக்காது.

சிந்தும் விதத்திலும் ஓர் அடையாளம் உண்டு. ரத்தம் செக்கச்செவேல் என்று இருக்கும். மலம் போய் முடிந்ததும் சொட்டுச் சொட்டாக விழும், சில நாள் பீய்ச்சியும் அடிக்கும். மலத்தின் மேல் பூசினாற்போல இருக்கலாமே தவிர, அதனோடு கலந்து பிசைந்ததுபோல இருக்காது. அம்மாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டபோது எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். கடைசியாக, "ஏதாவது வெளியே வருமா?" என்று கேட்டதற்கு வெகுநேரம் பதில் இல்லை. பிறகு, ஓராண்டாக ஏதோ சதை இறங்குவதாகவும், முன்பெல்லாம் எழுந்தால் தானே உள்ளே போய்விடும் என்றும், இப்போது விரலால் தள்ளிவிட வேண்டியிருக்கிறது என்றும் சொன்னார். அறுவை மருத்துவர்கள் உள்மூலத்தை நான்கு நிலைகளாகப் பிரிப்பது இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான். ரத்தம் மட்டும் சிந்தி, எதுவும் வெளியே வராதது முதல் நிலை. முக்கும்போது வந்து தானாக உள்ளே போவது இரண்டாவது. கையால் தள்ளினால்தான் போகும் என்பது மூன்றாவது. தள்ளினாலும் போகாமல் வெளியிலேயே நிற்பது நான்காவது. அம்மா யாரிடமும் சொல்லாமல் மூன்றாம் நிலைவரை வந்திருந்தார்.

மாவட்டத் தலைமை மருத்துவமனையில் பெண் மருத்துவர் ஒருவர் சோதித்தார். இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்து முழங்காலை வயிற்றோடு மடக்கிக்கொள்ளச் சொல்லி, இடுப்புக்குக் கீழே போர்வை போர்த்தி, களிம்பு தடவிய கையுறை விரலால் ஒருமுறை, பிராக்டோஸ்கோப் என்னும் சிறு குழாயை வைத்து ஒருமுறை, அவ்வளவுதான் சோதனை. ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. இதற்கு அஞ்சி அம்மா ஆறு ஆண்டுகள் வாய் திறக்கவில்லை என்பதை நினைக்க எனக்கு இப்போதும் நெஞ்சு அடைக்கிறது. மூலம் கண்ணுக்குத் தெரிந்த பிறகும் அந்த மருத்துவர் அதோடு விடவில்லை. அறுபதைக் கடந்தவருக்குச் சோகையும் இருப்பதால், இந்த ரத்தமெல்லாம் மூலத்திலிருந்து மட்டும்தான் போகிறது என்று எடுத்துக்கொள்ள முடியாது, பெருங்குடல் முழுவதையும் பார்த்தே ஆக வேண்டும் என்று, கேமரா பொருத்திய குழாயால் உள்ளே பார்க்கும் கொலனோஸ்கோபிக்கு எழுதினார். மூலம் இருப்பதால் மேலே வேறொன்று இருக்கக் கூடாது என்பதில்லை என்று அவர் சொன்னதன் முழுப் பொருள் அடுத்த ஆண்டுதான் எனக்கு விளங்கியது.

அம்மாவுக்குக் குடலில் வேறு கோளாறு எதுவும் இல்லை. இரும்புச் சத்தை ரத்தக் குழாய் வழியாக ஏற்றினார்கள். மூலத்தின் அடியில் சிறு ரப்பர் வளையம் மாட்டினார்கள். ரத்த ஓட்டம் தடைபட்டுச் சதை சுருங்கி, ஏறக்குறைய ஒரு வாரத்தில் வளையத்தோடு உதிர்ந்துவிடுகிறது. வலி தெரியாத எல்லைக்கோட்டுக்கு மேலே மாட்டுவதால் மயக்க மருந்துகூடத் தேவைப்படவில்லை.

இனி என் கதை. நான் வேலை பார்த்த இடத்தில் முப்பது பேருக்கு ஒரே கழிவறை, அதற்கும் சரியான தாழ்ப்பாள் கிடையாது. அதற்குப் போகக் கூடாதென்றே காலை முதல் மாலை வரை தண்ணீர் குடிக்காமல் இருப்பேன். கடைகளிலும் பள்ளிகளிலும் பணிபுரியும் பெண்களில் எத்தனையோ பேருக்கு இது பழக்கம். விளைவாக மலம் கல்லாக இறுகி, ஒருநாள் காலையில் கண்ணாடித் துண்டு அறுத்துக்கொண்டு போவதுபோல ஒரு வலி வந்தது. போய் முடித்த பிறகும் அந்த எரிச்சல் ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் அடங்காது. நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்தே உட்கார்ந்திருப்பேன். ரத்தம் என்று பார்த்தால் மலத்தின் ஓரத்தில் ஒரு கோடு, கழுவும்போது விரலில் சிறிது, அவ்வளவே. கழுவும்போது பின்பக்கம் ஒரு சிறு சதைத் துணுக்கும் தட்டுப்பட்டது. அம்மாவுக்கு இருந்தது நமக்கும் வந்துவிட்டது, முளை வெளியே வந்துவிட்டது என்று நானே முடிவுகட்டி, மருந்துக் கடையில் "பைல்ஸுக்கு ஒரு களிம்பு" என்று கேட்டு வாங்கி ஏழு வாரம் தடவினேன். அந்தக் களிம்புகளில் சிலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது என்பதும், வாரக்கணக்கில் தடவினால் அவ்விடத்துத் தோல் மெலிந்துவிடும் என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

எனக்கு இருந்தது மூலமே அல்ல. ஆசனவாயின் பின்பக்க நடுக்கோட்டில் ஏற்பட்ட வெடிப்பு. ஆங்கில மருத்துவர்கள் பிஷர் என்பார்கள். உதட்டோரத்தில் வெடிப்பதைப் போன்றதுதான், ஆனால் எல்லைக்கோட்டுக்குக் கீழே, வலி உணரும் தோலில் வெடிக்கிறது. வலிக்கு அஞ்சித் தசை இறுகுகிறது. இறுகுவதால் அவ்விடத்துக்கு ரத்த ஓட்டம் குறைந்து புண் ஆறுவதில்லை. ஆறாத புண்ணை மறுநாள் மலம் மீண்டும் கிழிக்கிறது. நான் முளை என்று நினைத்த சதைத் துணுக்கு, நாள்பட்ட வெடிப்பின் ஓரத்தில் தோல் தடித்து நிற்பது. தசை இறுக்கத்தைத் தளர்த்தும் வேறொரு களிம்பும், வெந்நீரில் பத்து நிமிட இடுப்புக் குளியலும், மலத்தை இளக்கும் இசப்கோல் உமியும், தண்ணீரும் சேர்ந்து இரண்டு மாதத்தில் ஆற்றின. என் அனுபவத்தில் வெளிக்குப் போகும் நேரத்தில் அறுப்பதுபோல வலித்து, போன பிறகும் எரிகிறது என்று ஒருவர் சொன்னால், மூலத்தைவிட வெடிப்பைத்தான் முதலில் நினைக்க வேண்டும்.

மூலத்திலும் வலி வருவதுண்டு. எல்லைக்கோட்டுக்குக் கீழே உண்டாகும் வெளிமூலத்துக்குள் ரத்தம் உறைந்துவிட்டால் ஒரே நாளில், சில நேரம் ஒரே இரவில், விளிம்பில் நீலம் பாய்ந்த கறுப்புத் திராட்சை போல ஒரு கட்டி எழும்பி, உட்காரவும் நடக்கவும் விடாது. என் தோழிக்குப் பிரசவமான மூன்றாம் நாள் இப்படித்தான் வந்தது. மலம் போகும்போது மட்டுமல்லாமல் இந்த வலி எந்நேரமும் இருக்கும். முதல் இரண்டு மூன்று நாள் உச்சத்தில் இருந்துவிட்டுப் பிறகு மெல்லத் தணியும். கட்டி வந்த மூன்று நாளுக்குள் மருத்துவரிடம் போனால், மரத்துப்போகும் ஊசி போட்டு அதை அகற்றி உடனே வலியைக் குறைக்க முடியும். அதற்குப் பிறகு பெரும்பாலும் தானே கரையும்படி விட்டுவிடுகிறார்கள். உள்மூலம் வெளியே தள்ளி, உள்ளே போக முடியாமல் சிக்கி, கறுத்து வலித்தாலோ காத்திருக்கவே கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கட்டியோடு காய்ச்சலும் விண்விண் என்று தெறிப்பதும் இருந்தால் அது சீழ்க்கட்டி. அது உடைந்து ஆறியதுபோல ஆகி, சில வாரத்தில் அதே இடத்தில் மீண்டும் சீழோ நீரோ கசிந்து உள்ளாடையைக் கறைப்படுத்தினால் பவுத்திரம். நம் ஊர்ப் பேருந்து நிலையச் சுவர்களில் "மூலம், பவுத்திரம்" என்று ஒரே மூச்சில் எழுதி வைத்திருப்பதால் இரண்டும் ஒன்றென்றே பலர் எண்ணுகிறார்கள். பவுத்திரம் என்பது குடலின் உள்பக்கத்துக்கும் வெளித்தோலுக்கும் இடையே உண்டாகிவிட்ட ஒரு புரை. மூலத்துக்குத் தரும் மருந்து எதுவும் அதை மூடாது. சித்த மருத்துவம் மூலத்தையே 21 வகையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் குறிகுணம் சொல்லி வைத்திருக்கிறது. அவ்வளவு நுட்பமாகப் பார்த்த மரபில் வந்துவிட்டு, பார்க்காமலே ஒரே பொடியை எல்லோருக்கும் கட்டிக் கொடுப்பவர்களை நான் மன்னிப்பதில்லை.

அரிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சரிந்த மூலத்திலிருந்து சளி போன்ற நீர் கசிந்தால் அரிக்கும். சர்க்கரை நோயாளிகளுக்குப் பூஞ்சையாலும், குழந்தைகளுக்கு இரவில் மட்டும் அரித்தால் கீரிப்பூச்சியாலும் இருக்கலாம். அரிப்பு ஒன்றை மட்டும் வைத்து மூலம் என்று சொல்லிவிட முடியாது.

இனிப் பெரியப்பா. அவர் எனக்குத் தொலைபேசியில் பேசினார். "உனக்கும் உங்கம்மாவுக்கும் வந்ததுதான் எனக்கும் வந்திருக்கு போலிருக்கு, நீ என்ன பண்ணுன?" என்று கேட்டார். ரத்தம் வருகிறது, வலி இல்லை என்றார். வலி இல்லை என்றதும், எல்லாம் தெரிந்தவள்போல, "அப்ப உள்மூலம்தான் பெரியப்பா" என்றேன். கீரை, வாழைத்தண்டு, இசப்கோல், இடுப்புக் குளியல் எல்லாம் சொன்னேன். கேட்க வேண்டிய ஒன்றையும் கேட்கவில்லை. ரத்தம் என்ன நிறம், சொட்டுகிறதா கலந்து வருகிறதா, ஒரு நாளைக்கு எத்தனை தடவை போகிறீர்கள் என்று கேட்டிருந்தால் அன்றே எனக்குச் சந்தேகம் வந்திருக்கும். அவருக்கு விடியற்காலை ஐந்து மணிக்கே வயிறு உந்தி எழுப்பியிருக்கிறது. எட்டு மணிக்குள் நான்கைந்து தடவை போவார். போனால் மலம் வராது, சளியும் மங்கிய சிவப்பு ரத்தமும் கலந்து சிறிது வரும். எழுந்து வந்தால் இன்னும் மீதி இருப்பதுபோல உள்ளே அடைத்துக்கொண்டிருக்கும். சில நாள் பேதி, சில நாள் சிக்கல், மலம் விரல் பருமனுக்கு மெலிந்து வந்தது. ஐந்து மாதத்தில் ஏழு கிலோ இளைத்ததற்குச் சர்க்கரை நோயைக் காரணம் சொல்லிக்கொண்டார். மூலத்தைக் குணமாக்குவதாகச் சொன்ன ஓரிடத்தில், ஒருமுறைகூடச் சோதிக்காமல், லேகியம் மட்டும் கொடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தார்கள்.

நான் பேசி மூன்று மாதம் கழித்து ஓர் அறுவை மருத்துவர் விரலை வைத்த உடனே கட்டி தட்டுப்பட்டது. மலக்குடலில் புற்றுநோய். அந்த இடத்துப் புற்றுநோயில் கணிசமானவை வெறும் விரலுக்கே எட்டும் தொலைவில் இருப்பவை என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். கதிர்வீச்சு, கீமோ, பெரிய அறுவைச் சிகிச்சை எல்லாம் முடிந்து, இன்று வயிற்றின் இடப்பக்கம் பை பொருத்திக்கொண்டு, தன் தென்னந்தோப்பைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார். என்மேல் அவருக்கு வருத்தம் இல்லை என்றே சொல்கிறார். அந்த மூன்று மாதத்தை என்னால் மறக்க முடியவில்லை. நான் இதை எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

ஆகவே மலத்தோடு கலந்த ரத்தம், சளி, போய் வந்த பிறகும் தீராத உந்துதல், சில வாரங்களுக்கு மேல் மாறிவிட்ட மலப் பழக்கம், காரணம் தெரியாத இளைப்பு, சோகை ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மூலம் என்ற பெயரை யாரும் தமக்குத் தாமே சூட்டிக்கொள்ள வேண்டாம். பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ குடல் புற்றுநோய் இருந்தவர்களும், நாற்பத்தைந்து வயதைக் கடந்து முதன்முறையாக ரத்தம் பார்ப்பவர்களும் அப்படியே. அமெரிக்காவில் அறிகுறி ஏதும் இல்லாதவர்களுக்கே குடல் பரிசோதனையைத் தொடங்கும் வயதை 2021-இல் ஐம்பதிலிருந்து 45-ஆகக் குறைத்துப் பரிந்துரைத்திருக்கிறார்கள். இளம் வயதினர் என்பதாலும் ரத்தத்தைத் தள்ளிவிட முடியாது.

கறுப்பு நிறத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். தார் போலக் கறுத்து, பிசுபிசுத்து, சகிக்க முடியாத நாற்றத்தோடு போனால் அது மூலம் அல்ல. இரைப்பையிலோ அதை ஒட்டிய சிறுகுடலிலோ கசிந்த ரத்தம் வழியில் செரித்துக் கறுத்து வருவது. மூட்டுவலிக்கு நாள்தோறும் வலி மாத்திரை போடும் பெரியவர்களுக்கு இது நேரக்கூடும், அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை அது. அம்மாவுக்குப் பிறகு இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தபோதும் மலம் கறுத்தது. பயந்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். அது கெட்டியாக, பசை இல்லாமல் இருந்தது, அவருக்கு மயக்கமோ படபடப்போ இல்லை. இருந்தாலும் மருத்துவரிடம் கேட்டு, மாத்திரையால்தான் என்று உறுதிப்படுத்திக்கொண்டோம். பீட்ரூட் பொரியல் சாப்பிட்ட மறுநாள் சிவப்பாகப் போவதைப் பார்த்துப் பதறியவர்களும் எனக்குத் தெரிந்தே இருவர் உண்டு; அது ஓரிரு நாளில் போய்விடும்.

மருத்துவரிடம் போகும்போது "பைல்ஸ்" என்று தொடங்காமல், கண்டதைக் கண்டபடி சொல்வது நல்லது. நானும் முதல் நாள் "எனக்குப் பைல்ஸ் டாக்டர்" என்றுதான் ஆரம்பித்தேன்; அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அதை நான் பார்த்துச் சொல்கிறேன் அம்மா, உங்களுக்கு என்ன நடக்கிறது என்று சொல்லுங்கள்" என்றார். நிறம், அளவு, வலிக்கும் நேரம், வெளியே வருவது தானாகப் போகிறதா என்பது, எத்தனை நாளாக என்பது, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறோமா என்பது, இவற்றைச் சொன்னாலே பாதி தெளிந்துவிடும். மீதியை அவர் பார்த்துத் தெரிந்துகொள்வார். பார்க்காமலே மருந்து எழுதினால், சோதித்துப் பார்க்கும்படி கேட்க நமக்கு உரிமை உண்டு. பெண்கள் பெண் மருத்துவரைக் கேட்கலாம், இல்லையென்றால் செவிலியர் உடனிருக்கும்படி கேட்கலாம். யாரும் மறுத்து நான் பார்த்ததில்லை.

அம்மாவின் ஹீமோகுளோபின் ஐந்தாம் மாதம் 11.4-க்கு வந்தது. அரிசி மெல்லும் பழக்கம் எப்போது நின்றது என்று அவருக்கே நினைவில்லை. போன மாதம் பக்கத்து வீட்டு அக்கா மாவு வாங்க வந்தபோது, சூட்டுக்கு வெந்தயம் ஊறவைத்துக் குடிப்பதாகப் பேச்சுவாக்கில் சொன்னார். அம்மா மாவுக் கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டு, கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்: "சூடுன்னா என்ன, ரத்தமா? என்ன நிறம்?"